முட்டைக்கு வரவு செலவு எழுதிய விஞ்ஞானி

உயிரியல் பாடநூலில் மரபியல், பரிணாமம் என்ற இரண்டு பாடங்களையும் புரட்டிப் பாருங்கள். மெண்டல், டார்வின், லாமார்க், மார்கன், ஹியூகோ டி விரிஸ் என்று வரிசையாக வரும் பெயர்கள் யாவும் கடல் கடந்த நாட்டுப் பெயர்கள். படித்து, மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி முடித்த பின் நம் மனத்தில் ஓர் எண்ணம் தங்கிவிடுகிறது: இந்த வேலையெல்லாம் எங்கோ தொலைவில், யாரோ செய்வது போலும்! எங்கள் விலங்கியல் மன்றத்தில் இதே கேள்வியை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நேராகவே கேட்டாள். "நம் பக்கத்து ஆள் ஒருவர்கூட இதில் இல்லையா?" என்றாள். இருக்கிறார் என்பதே இக்கட்டுரை. பேராசிரியர் டி. ஜெ. பாண்டியன் என்று அறிவியல் உலகம் அறிந்த தவமணி ஜெகஜோதிவேல் பாண்டியனைப் பற்றி நாங்கள் திரட்டியவற்றை இங்கே தருகிறோம். 1939ஆம் ஆண்டு பிறந்தவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1984ஆம் ஆண்டு உயிரியல் துறைக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றவர். இறால், சிங்கி இறால் முதலியவற்றின் முட்டைகளில் தொடங்கி, மீன்களின் மரபியலுக்குச் சென்று, கடைசியில் உயிரினங்கள் எவ்வாறு பலவாகக் கிளைத்தன என்ற பெரிய கேள்விக்கு வந்து சேர்ந்த வாழ்க்கை அவருடையது.

முதலில் நண்டு, இறால் கூட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். கணுக்காலிகள் என்னும் பெருந்தொகுதியில் பூச்சிகள், சிலந்திகள், மரவட்டைகள் ஆகியவற்றோடு சேர்ந்தவை இவை. மேலே சுண்ணாம்பு ஏறிய கடினமான ஓடு; இரண்டு ஜோடி உணர்கொம்புகள்; செவுள்களால் சுவாசம். இவற்றைக் கிரஸ்டேசியா என்கிறோம். இதுவரை பெயரிடப்பட்டவை மட்டுமே ஐம்பதாயிரம் இனங்களுக்கு மேல். நம் வயல் வரப்பில் வளை தோண்டும் நண்டும் இதில் ஒன்று. ஏரித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் துள்ளித் துள்ளி நகரும் புள்ளி போன்ற தண்ணீர்த் தெள்ளும் இதில் ஒன்று. வரப்பு நண்டை நாம் அறிவது பெரும்பாலும் சளிக்கு வைக்கும் நண்டு ரசத்தின் வழியாகத்தான்! அதில் தவறொன்றுமில்லை. ஆனால் அதே நண்டு பரிணாமப் பாடத்துக்கும் நல்ல ஆசிரியர்.

டார்வின்கூட இந்தக் கூட்டத்திடம் பாடம் கேட்டவர்தான். படகின் அடியிலும் துறைமுகக் கற்களிலும் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் பார்னக்கிள் என்ற உயிரியைச் சிப்பி வகை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அதன் லார்வா நீந்தித் திரிவதையும், அது இறால் கூட்டத்து லார்வாவைப் போன்றே இருப்பதையும் 1830இல் ஜான் வாகன் தாம்ஸன் வெளியிட்டார். டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் பார்னக்கிள்களை அறுத்துப் பார்ப்பதிலேயே செலவிட்டார். அதன் பிறகுதான் 1859இல் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. பெரிய கருத்தைச் சொல்லுமுன் சிறிய உயிரியின் முன் எட்டு ஆண்டுகள் உட்காரும் பொறுமை இருந்தது என்பதை நாங்கள் இங்கே குறிப்பிடாமல் போக முடியவில்லை.

பாண்டியனின் தொடக்கமும் அப்படிப்பட்ட பொறுமை வேலைதான். அவருடைய ஆரம்ப கால ஆய்வுகளில் ஒன்று நம் குளத்து விரால் மீனைப் பற்றியது. விரால் எவ்வளவு தின்கிறது, தின்றதில் எவ்வளவு செரிக்கிறது, செரித்ததில் எவ்வளவு உடம்பில் சேருகிறது என்று அளப்பது. இதைக் கேட்டால் சிரிப்பு வரும். மீனுக்குத் தீனி போட்டுக் கணக்கெழுதுவதா ஆராய்ச்சி? ஆனால் யோசித்துப் பாருங்கள். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் அம்மா என்ன செய்கிறார்? மாத வருமானம் இவ்வளவு, அரிசி பருப்புக்கு இவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு, வீணானது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. இதையே உயிருக்கும் எழுதலாம். உண்ட உணவின் சக்தி வரவு. மூச்சு விடுவதிலும் நடமாடுவதிலும் எரிந்தது செலவு. மலமாகவும் சிறுநீராகவும் போனது கழிவு. உடல் வளர்ச்சியும் முட்டையும் மிச்சம். இரு பக்கமும் நேராக வேண்டும். நேராகவில்லை என்றால் எங்கோ அளவையில் பிழை. உயிர்சக்தியியல் என்று பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்த துறையின் சாரம் இவ்வளவே. 1987இல் பாண்டியனும் வெர்ன்பர்க்கும் பதிப்பித்து இரு தொகுதிகளாக வெளிவந்த 'அனிமல் எனர்ஜெட்டிக்ஸ்' என்ற நூல், ஒரு செல் உயிர் முதல் மேலினங்கள் வரை இந்தக் கணக்கைத் தொகுத்துத் தருகிறது.

1960களின் பிற்பகுதியில் அவர் ஜெர்மனி சென்றார். வட கடலில் ஹெல்கோலாண்ட் என்று ஒரு சிறு தீவு. சிவந்த பாறைச் சுவர்களால் ஆனது. அங்கே ஒரு கடல் உயிரியல் நிலையம் உண்டு. அந்நாளில் அதன் தலைவர் ஓட்டோ கின்னே. அந்நிலையத்தின் ஆய்வேட்டில் 1967இல் பாண்டியனின் கட்டுரைகள் வெளியாயின: ஒன்று வட கடல் இறாலான கிராங்கான் முட்டைகளைப் பற்றி; மற்றொன்று ஷூமானுடன் சேர்ந்து, சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டின் முட்டையையும் லார்வாவையும் பற்றி. அடுத்து, 1970இல் ஐரோப்பியச் சிங்கி இறாலின் முட்டைகளைப் பற்றிய விரிவான கட்டுரை வந்தது. இந்தச் சிங்கி இறால் நம் கடலில் கிடைக்கும் முள் சிங்கி அன்று. தடித்த இரண்டு இடுக்கிகள் உடைய கருநீல வகை.

ஏன் முட்டையைப் பிடித்துக்கொண்டார்? காரணம் எளிது, ஆனால் அழகானது. வளர்ந்த உயிருக்குக் கணக்கெழுதினால் வரவு நாள்தோறும் மாறும். முட்டைக்கு அப்படியன்று. தாய் ஒரே தடவையில் கட்டிக்கொடுத்த சோறுதான். நடுவில் எந்த உணவும் உள்ளே போகாது. அந்த மஞ்சள் கருவை வைத்துக்கொண்டே கண், கால், வால், ஓடு எல்லாம் கட்டி முடித்தாக வேண்டும். கட்டுகிறபோது எரியும் விறகும் அதிலிருந்தே. ஆகவே முட்டையிட்ட அன்று உள்ள சக்தியை அளந்துகொண்டு, பொரிக்கும் நாளில் லார்வாவில் உள்ள சக்தியையும் கழித்துப் போட்ட உறையில் உள்ள சக்தியையும் அளந்தால், இடையில் எரிந்தது எவ்வளவு என்பது தானே வெளியாகிவிடும்.

செய்முறை இது. முட்டைகளை வளர்ச்சிப் பருவம் வாரியாகப் பிரிக்க வேண்டும். எண்ணி, உலர்த்தி, நுண்தராசில் எடை போட வேண்டும். ஒரு பகுதியைக் கலோரிமானியில் எரித்து வெளிப்படும் வெப்பத்தை அளக்க வேண்டும். மற்றொரு பகுதியில் புரதம், கொழுப்பு, சாம்பல், நீர் எவ்வளவு என்று ரசாயனமாகப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கொழுப்பை எரித்தால் ஏறத்தாழ 9.4 கிலோ கலோரி, புரதம் 5.6, மாவுப்பொருள் 4.1. கடுகு அளவு முட்டையில் இதைச் செய்வதென்றால் நூற்றுக்கணக்கில் முட்டை வேண்டும். கை நடுங்கக் கூடாது. சிங்கி இறாலோ தன் முட்டைகளை வயிற்றின் அடியில் நீந்து கால்களில் ஒட்டவைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை சுமக்கும். அவ்வளவு காலமும் விட்டுவிட்டு முட்டை எடுத்து அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதில் ஒரு பழைய வாதம் இருந்தது. ஜோசப் நீதம் என்ற ஆங்கிலேய அறிஞர் 1931இல் வெளியிட்ட ரசாயனக் கருவியல் நூலில், தரையில் இடப்படும் முட்டைக்கும் நீரில் இடப்படும் முட்டைக்கும் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். புரதத்தை எரித்தால் அம்மோனியா போன்ற நச்சுக் கழிவு வரும். கோழி முட்டை நாற்புறமும் அடைத்த அறை. கழிவை வெளியே தள்ள வழியில்லை. எனவே அது புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொண்டு கொழுப்பை எரிக்கிறது. நீரில் உள்ள முட்டைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கழிவு தண்ணீரில் கரைந்து போய்விடும். கேட்பதற்கு மிகவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிங்கி இறாலின் முட்டையைப் பாண்டியன் கணக்கிட்டபோது, நீருக்குள்ளேயே கிடக்கும் அந்த முட்டைக்கும் கொழுப்பே முதன்மை எரிபொருள் என்று வந்தது. பொருத்தமாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நீரின் கணக்கு இன்னும் சுவையானது. உலர்ந்த எடையில் முட்டை நாளுக்கு நாள் குறைகிறது, ஏனெனில் விறகு எரிகிறது. ஆனால் முட்டையின் பருமனோ கூடுகிறது. கடல் நீரையும் உப்புகளையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் உள்ளே நீர் புகுந்து புகுந்து உறை விம்மி வெடிப்பதும் பொரிப்பதற்கு ஓர் உந்துதலாகிறது. பத்தாம் வகுப்பில் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டுச் சவ்வூடு பரவலைப் பார்த்தோமே, அதே தத்துவம்தான் இங்கே ஓர் உயிரைக் கதவு திறந்து வெளியே விடுகிறது.

இப்போது பரிணாமத்துக்கு வாருங்கள். நண்டு, இறால்களின் மூதாதையர் கடலில் வாழ்ந்தவை. கடலில் முட்டைக்கு வேண்டிய உப்பு வெளியிலேயே கிடைக்கும். தாய் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த இனம் ஆற்றுக்குள் ஏற வேண்டும் என்றால்? நல்ல தண்ணீரில் உப்பு இல்லை. ஆகவே உப்பையும் தாயே முட்டைக்குள் வைத்தனுப்ப வேண்டும். அதோடு கடலில் மிதக்கும் நுண்ணுயிர்த் தீனி ஆற்றில் அவ்வளவு இல்லை, ஓட்டமும் அதிகம், சிறு லார்வா அடித்துச் செல்லப்படும். எனவே குழந்தையை லார்வாவாக அனுப்பாமல் வளர்ந்த பிள்ளையாகவே அனுப்புவது நலம். அதற்குப் பெரிய முட்டை வேண்டும். கையில் உள்ள பொருள் ஒன்றே என்பதால், முட்டை பெரிதானால் எண்ணிக்கை குறையும். கடல் நண்டு இலட்சக்கணக்கில் சிறு முட்டைகளிட, நம் வயல் நண்டு சில நூறு பெரிய முட்டைகளோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். வயல் நண்டின் முட்டையிலிருந்து லார்வா வெளிவருவதில்லை. நண்டுக் குஞ்சே வெளிவருகிறது. அதுவும் உடனே ஓடிவிடாமல் தாயின் வயிற்று மடலுக்குள் சில காலம் தங்கியிருக்கும். கடலை முற்றிலும் மறந்துவிட்ட இனம் அது.

இறால்களில் சில அப்படி மறக்கவில்லை. இவற்றைப் பற்றித்தான் நாடு திரும்பியபின் பாண்டியனும் அவருடைய மாணவர்களும் நிறைய எழுதினார்கள். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் கத்ரேயுடன் சேர்ந்து, மேக்ரோபிராக்கியம் ஐடே என்ற இறாலின் முட்டை எவ்வாறு பொரிக்கிறது, பொரிக்கும் நேரம் முந்தினாலும் பிந்தினாலும் லார்வாவின் உயிருக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்து 1972இல் வெளியிட்டார். மதுரைக்கு வந்தபின் சி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து காவிரியில் வாழும் மேக்ரோபிராக்கியம் நோபிலி என்ற இறாலை எடுத்துக்கொண்டார். தாய் சுமக்கும் முட்டைகளில் எத்தனை வழியிலேயே உதிர்ந்து போகின்றன என்று எண்ணினார்கள். தாயிடமிருந்து முட்டைகளைப் பிரித்தெடுத்துத் தனிக் கலத்தில் வளர்த்துப் பார்த்தார்கள்; அந்த முயற்சி 1981இல் ஆய்வேட்டில் வந்தது. தாய் இறால் ஓயாமல் கால்களை அசைத்து முட்டைகளுக்குப் புது நீர் பாய்ச்சுவதும், கெட்டுப்போனதைக் கிள்ளி எறிவதும் எவ்வளவு பெரிய உழைப்பு என்பது, அந்த வேலையை மனிதர் தம் கையால் செய்யப் புகும்போதுதான் புரியும்.

இந்த இறால்கள் நல்ல தண்ணீரில் வளர்ந்தாலும் இவற்றின் லார்வாக்களுக்கு உப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும். ஸ்கேம்பி என்று சந்தையில் விற்கும் பெரிய நன்னீர் இறாலுக்கும் இதே நிலை. 1960களின் தொடக்கத்தில் மலேயாவில் எஸ். டபிள்யூ. லிங் என்பவர் இந்த உண்மையைக் கண்டுபிடித்த பின்னரே அந்த இறாலைப் பண்ணையில் வளர்க்க முடிந்தது. அதுவரை நல்ல தண்ணீரில் வைத்துக் காத்துக்கிடந்து, லார்வாக்கள் செத்துச் செத்து விழுந்தன.

நம் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. நமக்கு மேற்கே கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் சேர்ந்து வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகின்றன. அந்தக் கழிமுகத்தின் கரையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. எலவனாசூர்கோட்டையில் படிக்கும் ஒரு பெண், ஆற்றோடு ஆறாகப் போனாலே கடல் உயிரியல் படிக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்! வேடிக்கை இருக்கட்டும். கழிமுகத்தில் லார்வாவாக இருந்து, குஞ்சாக மாறி, ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே வரும் இறால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சேத்தியாத்தோப்பில் ஓர் அணைக்கட்டு. அதற்கு மேலே வேறு தடுப்புகள். மலையடிவாரத்தில் கோமுகி அணையும் மணிமுத்தா அணையும். ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான். அந்த இறால் எப்படி மேலே வரும்? வந்தாலும் அதன் பிள்ளைகள் எப்படிக் கடலோரம் போய்ச் சேரும்? அணை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தான் உண்கிறோம். ஆனால் அணை கட்டும்போது நெல்லின் கணக்கும் கரும்பின் கணக்கும் பார்த்த அளவுக்கு இறாலின் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. வயல் நண்டு பிழைத்துக்கொள்ளும். அதற்குக் கடல் தேவையில்லை. கழிமுகத்தை நம்பிய இறால் பிழைப்பது கடினம். எந்த இனம் முதலில் அற்றுப்போகும் என்பதை முட்டையின் அளவே சொல்லிவிடுகிறது.

இனி மரபியல். அகுஸ்தீனார் சபைத் துறவி மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது, அவை விலங்குகளுக்கும் பொருந்துமா என்று பலரும் பார்த்தார்கள். இங்கிலாந்தில் பிளிமத் கடல் ஆய்வகத்தில் எல்ஸி செக்ஸ்டன் என்ற பெண்மணி படங்கள் வரையும் பணியில் இருந்தவர். காமரஸ் என்ற சிறு ஓட்டுயிரியை வரைந்து வரைந்து அதை மற்றவரைவிட நன்றாக அறிந்துகொண்டார். கருங்கண் உள்ள அந்த இனத்தில் செங்கண் உள்ளவை தோன்றியபோது கலப்புச் சோதனை செய்து, செங்கண் ஒடுங்கு பண்பு, இரண்டாம் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்றாக வருகிறது என்று 1916இல் விங் என்பவருடன் வெளியிட்டார். படம் வரையத் தெரிந்தவர்கள் விலங்கியலுக்கு வருவதை நாங்கள் எப்போதும் வரவேற்கிறோம்.

மற்றொரு பெண்மணி பிரான்சு நாட்டு எலேன் ஷார்னியோ கொட்டோன். கடற்கரை மணலில் துள்ளும் ஓர்க்கெஸ்டியா என்ற உயிரியில், ஆணுக்கு மட்டும் உள்ள ஒரு நுண்ணிய சுரப்பியை 1954இல் அவர் கண்டறிந்தார். அதை எடுத்துப் பெண்ணின் உடலில் வைத்தார். பெண் ஆணாக மாறியது. பின்னாளில் இஸ்ரேல் நாட்டில் அமீர் சாகியும் அவர் குழுவினரும் ஸ்கேம்பி இறாலில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். இளம் ஆணின் அச்சுரப்பியை நீக்கினால் அது முட்டையிடும் பெண்ணாகிறது. அந்த இறாலில் ஆணின் குரோமோசோம் இசட் இசட். பெண் இசட் டபிள்யூ. பெண்ணாக மாறிய இசட் இசட் தாய்க்கும் சாதாரண இசட் இசட் தந்தைக்கும் பிறப்பவை யாவும் ஆண். ஆண் இறால் பெரிதாக வளர்வதால் பண்ணையாருக்கு ஆதாயம்.

பாண்டியனும் இதே வழியில்தான் 1980களுக்குப் பின் சென்றார், ஆனால் மீன்களைக் கொண்டு. கப்பி, பிளாக் மாலி, பெட்டா என்னும் சண்டை மீன், திலேப்பியா முதலியவற்றின் குஞ்சுகளுக்கு ஹார்மோன் கொடுத்து ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றுவது. முட்டைக்கு வெப்ப அதிர்ச்சி கொடுத்துக் குரோமோசோம் தொகுதிகளை மூன்றாக்குவது. இப்படிப் பல சோதனைகள் மதுரையில் நடந்தன. இவற்றில் எங்களை மிகவும் வியக்க வைத்தது ஒன்று. ரோசி பார்ப் என்ற மீன் இந்தியாவைத் தாயகமாகக் கொண்டது. அதன் ஆண் ஒன்று இறந்துபோய், உடல் உறைபெட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இறந்த உடலிலிருந்து விந்தணுக்களை எடுத்தார்கள். டைகர் பார்ப் என்ற வேறு இன மீனின் முட்டையைப் புற ஊதாக் கதிரில் வைத்து, அதன் உட்கருவிலுள்ள மரபுப் பொருளைச் செயலிழக்கச் செய்தார்கள். அந்த வெறும் முட்டையில் ரோசி பார்ப் விந்தணுவைச் சேர்த்தார்கள். இப்போது முட்டையில் ஒரே ஒரு தொகுதிக் குரோமோசோம், அதுவும் தந்தையுடையது. முட்டை முதல் முறை பிளவுபடும் தறுவாயில் வெப்ப அதிர்ச்சி கொடுத்துப் பிளவைத் தடுத்தால் அந்தத் தொகுதி இரட்டித்து நின்றுவிடும். பிறந்த குஞ்சு ரோசி பார்ப்! டைகர் பார்ப் முட்டையில், செத்துப்போன ரோசி பார்ப்பின் பிள்ளை. கிரண்குமாரும் பாண்டியனும் எழுதிய இந்தக் கட்டுரை 2004இல் வெளிவந்தது.

பிழைத்தவை சிலவே, பெரும்பாலான முட்டைகள் கெட்டுப்போயின. குஞ்சின் செல்களுக்குள் சக்தி நிலையமாக இருக்கும் மைட்டோகாண்டிரியா முட்டை கொடுத்த தாயினத்துடையது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். மீன் முட்டையில் மஞ்சள் கரு மிகுதி. அதை உறையவைத்துக் காப்பது மிகக் கடினம். விந்தணுவைக் காப்பது எளிது. ஓர் இனம் அற்றுப்போகும் நிலையில் விந்தணு மட்டும் மிஞ்சினால், நெருங்கிய உறவு இனத்தின் முட்டையைக் கொண்டு அதை மீட்க ஒரு வழி உண்டு என்று இது காட்டியது.

அதே 2004இல் இன்னொரு கட்டுரையும் வந்தது. நம் சந்தையில் விற்கும் ரோகு மீனுக்கு, ரோகுவின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் ஜீனையே கூடுதலாகச் சேர்த்து வளர்த்தபோது, அது சாதாரண ரோகுவைவிடப் பல மடங்கு விரைவாக வளர்ந்தது. பழைய கணக்குப் பிள்ளை இங்கேயும் விட்டாரில்லை. வளர்ந்ததோடு சரி என்று எடை போட்டு நிறுத்தாமல், தின்ற தீனிக்கு எவ்வளவு உடம்பு வைத்தது என்ற விராலின் கணக்கை ரோகுவுக்கும் போட்டுப் பார்த்தார்கள்.

இதைப் பற்றி எங்கள் மன்றத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினோம். ஏழை வீட்டுத் தட்டில் மீன் மலிவாக விழுமானால் அதில் என்ன குற்றம், அதுவும் அந்த மீனின் சொந்த ஜீன்தானே என்றனர் ஒரு சாரார். வெள்ளம் வந்து ஏரி உடைந்தால் அந்த மீன் ஆற்றுக்குப் போகாதா, ஆற்று ரோகுவோடு கலக்காதா, கலந்தபின் யார் பிரித்தெடுப்பது என்றனர் மறு சாரார். அமெரிக்க அரசு 2015இல் ஜீன் மாற்றிய சால்மன் மீனை உணவாக விற்க அனுமதித்தது. நம் நாட்டில் ஜீன் மாற்றிய ரோகு பண்ணைக்கு வரவில்லை. எங்களுள் பெரும்பான்மையோர் வராததே நல்லது என்ற முடிவுக்கு வந்தோம். ஆனால் ஆய்வே செய்திருக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆய்வகத் தொட்டியில் தெரிந்துகொள்வதற்கும் ஏரியில் திறந்துவிடுவதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தில் நின்று வாதாடும் உரிமை விஞ்ஞானிக்கு மட்டுமன்று, மீன் வாங்குகிற எல்லோருக்கும் உண்டு.

ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய பின்னும் அவர் எழுத்து நிற்கவில்லை. மீன்களின் பாலினம் எப்படி அமைகிறது என்பதைப் பற்றி அடுத்தடுத்து நூல்கள். பின்னர் நீர்வாழ் முதுகெலும்பற்றவற்றின் இனப்பெருக்கம் பற்றிய வரிசை. அதில் 2016இல் வந்தது கிரஸ்டேசியாவுக்கு உரிய நூல். ஹெல்கோலாண்டில் இளைஞராக எண்ணத் தொடங்கிய முட்டைகளுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பின்னர் இனங்கள் எவ்வாறு தோன்றிப் பெருகின என்பதையே பொருளாகக் கொண்டு எழுதினார். ஆண் பெண் எனப் பிரிந்து கலந்து பெருகும் வகைகளே புதிய இனங்களைத் தோற்றுவிப்பதில் முந்தி நிற்கின்றன. ஆணில்லாமலே பெருகுபவையும் ஒரே உடலில் இருபாலும் கொண்டவையும் பின்தங்குகின்றன என்பது அந்நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

இதற்கு எதிர்ச்சாட்சி போலத் தோன்றும் ஓர் உயிர் நம் ஏரியிலேயே இருக்கிறது. தண்ணீர்த் தெள்ளு நல்ல காலத்தில் ஆணே இல்லாமல் மகள்களைப் பெற்றுக்கொண்டே போகும். இதைக் கன்னிப் பெருக்கம் என்பர். ஏரி வற்றும்போதோ கூட்டம் நெருங்கித் தீனி குறையும்போதோ ஆண்களும் தோன்றும். கலப்பினால் உண்டாகும் முட்டை தடித்த உறைக்குள் அடங்கிக் காய்ந்த சேற்றில் அடுத்த மழை வரை கிடக்கும். டாஃப்னியா என்ற தெள்ளு வகையின் மரபுத்தொகுதியை முழுவதும் படித்து 2011இல் வெளியிட்டார்கள். கிரஸ்டேசியாக் கூட்டத்தில் அதுவே முதலாவது. அதில் கண்ட ஜீன்கள் ஏறத்தாழ 31,000. மனிதனுக்கு ஏறத்தாழ 20,000 தான். ஜீன் எண்ணிக்கையில் நம்மைவிடப் பெரிய பணக்காரர் அந்தத் தெள்ளு!

ஐப்பசி மழைக்குப் பின் வரப்போரம் நடக்கும்போது, பெண் நண்டு கண்ணில் பட்டால் அடையாளம் காண்பது எளிது. வயிற்று மடல் ஆணுக்குக் குறுகலாகவும் பெண்ணுக்கு அரை வட்டமாக அகன்றும் இருக்கும். மடல் விம்மியிருந்தால் உள்ளே முட்டையோ குஞ்சுகளோ உண்டு. முட்டை என்றால் ஆரஞ்சு நிற மணிகள். கையில் உள்ள அளவுகோலை அருகில் பிடித்தாலே குறுக்களவு தெரிந்துவிடும். குஞ்சு என்றால் கால்களும் இடுக்கிகளும் உள்ள முழு நண்டுகள். குறிப்பேட்டில் தேதி, வயலில் நின்ற நீரின் ஆழம், பயிரின் வயது ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு, மடலை மெல்ல மூடி, எடுத்த வளையின் வாயிலேயே விட்டுவிட வேண்டும். சென்ற பருவத்தில் எங்கள் மன்றத்தார் இப்படி எழுதிவைத்த ஏடு ஆய்வுக்கூட அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அதில் இன்னும் பாதிக்கு மேல் பக்கங்கள் மிச்சம்.